முந்திக்கொண்ட கைதட்டல்

அப்பா எங்கே பாடினாலும் மூன்றாவது வரிசையில், நடைவழியை ஒட்டிய நாற்காலியில், ஒரு கைப்பை முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அது அத்தைக்குப் பிடித்து வைத்த இடம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் பாடுகிறவரின் அக்கா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், கடைசி வரிசையில் உட்கார்ந்தால் சத்தம் மேடை வரை வராது என்று யோசித்து அப்பாவே தேர்ந்தெடுத்த இடம். பாட்டு முடிந்ததும் முதல் கைதட்டல் அத்தையுடையதாக இருக்க வேண்டும். அவள் தட்டினால் மண்டபம் தட்டும். எங்கள் வீட்டில் இதற்குக் 'கை கொடுக்கிறது' என்று பெயர். "அக்கா, ஞாயித்துக்கிழமை கை குடுக்க வந்துடு," என்று அப்பா போனில் சொல்வதைக் கேட்டு, ஏதோ பெரிய உதவி கேட்கிறார் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குப் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர் வேலை. வார இறுதிகளில் ஒரு சின்ன இசைக்குழுவோடு பாடுவார். பள்ளி ஆண்டு விழா, ஆலை கேன்டீன், நூலகத் திறப்பு, கூப்பிட்ட இடமெல்லாம் போவார். அத்தை ஒரு திரைச்சீலைக் கடையில் தைக்கிறாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் அளவெடுத்து, மேசையில் துணியை விரித்து வெட்டி, மேலே மடிப்பு வைத்து, கீழே கரை மடித்து அடிக்கிற வேலை. பகலெல்லாம் அந்த மேசை முன்னால் நிற்க வேண்டும். நின்ற கால்களோடு நேராக மண்டபத்துக்கு வருவாள். விளக்கை அணைப்பார்கள். நாற்காலியில் மெத்தை இருக்கும். தம்பியின் குரல் பழகிய குரல். இதற்கு மேல் என்ன நடக்கும்? அத்தை தூங்கிவிடுவாள்.

இது அப்பாவுக்குத் தெரியாது. மண்டபத்தில் அநேகமாக ஒருவருக்கும் தெரியாது. கைப்பையை மடியில் வைத்து, முதுகு வளையாமல், வாய் திறக்காமல் தூங்குவாள். பார்க்கிறவர்களுக்குக் கண்ணை மூடிக் கேட்கிற ரசிகை. பாட்டு முடியப்போகிறது என்றால் தபலா வேகமெடுக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் விழித்துக்கொள்வாள், தயாராக இருப்பாள், கடைசி அடி விழுந்ததும் தட்டுவாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒரே ஒருமுறையைத் தவிர.

அந்த ஒருமுறை, புது நூலக மண்டபத்தில். நான் அப்போது பிறக்கவில்லை. அம்மாவுக்கு நான் நிறைமாதம் என்பதால் அவள் போகவில்லை.

குழுவில் அப்போது வயலின் வாசித்தவரை மெக்கானிக் என்பார்கள். தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். அத்தையின் கடைக்கு வந்து வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பார். "பாட்டு தெரியுமா?" என்று அத்தை கேட்க, "வயலின் கொஞ்சம் வாசிப்பேன்க்கா," என்றிருக்கிறார். அன்றைக்கே அத்தை அவரைத் தம்பியிடம் அழைத்துப் போனாள். குழுவுக்குள் அவரைக் கொண்டுவந்தவளே அவள்தான். சில வருடங்களில் அப்பாவும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

நூலக மண்டபத்துக் கச்சேரிக்கு வானொலி நிலையத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அங்கே வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவே போய்ச் சொல்லி, மெக்கானிக் வாசிப்பதைக் கேட்க அவரை வரச் செய்திருந்தார். கடைசிப் பாட்டில் வயலின் தனியாக வாசிக்கும் ஓர் இடம் உண்டு. அப்பா முதல் சரணத்தைப் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். வயலின் படிப்படியாகக் கீழே இறங்கி, ஓர் இடத்தில் ஓசையே இல்லாமல் நிற்கும். அங்கிருந்துதான் மேலே ஏற வேண்டும். கடினமான பகுதி அதுதான். மெக்கானிக் மாதக்கணக்கில் பழகி வைத்திருந்ததும் அதைத்தான்.

வயலின் இறங்கியது. நின்றது. மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

அந்த அமைதியில் அத்தை திடுக்கிட்டு விழித்தாள். மேடையில் தம்பி கண்களை மூடி நின்றார். தபலா ஓய்ந்திருந்தது. வயலின் ஓய்ந்திருந்தது. பாட்டு முடிந்துவிட்டது, நான் தூங்கித் தொலைத்துவிட்டேன் என்று எண்ணி, தாமதத்தை ஈடுகட்டுகிற வேகத்தில் படபடவென்று தட்டினாள். மண்டபம் அவள் பின்னாலேயே தட்டியது. சிலர் எழுந்து நின்றார்கள். தபலாக்காரர் ஒன்றும் புரியாமல் ஒரு முத்தாய்ப்பு வைத்தார். அப்பா பல்லவியை எடுத்துப் பாடி முடித்துவிட்டார். மெக்கானிக்கின் வில் தந்தி மேலேயே இருந்தது. வானொலிக்காரர் கடைசி வண்டியைப் பிடிக்க எழுந்து போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் அப்பா ஓடி வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எப்படிக்கா கண்டுபிடிச்ச? ரெண்டாவது சரணம் சுத்தமா மறந்துபோச்சு. வயலின் முடிஞ்சா என்ன பண்றதுன்னு கண்ணை மூடிட்டு நிக்கறேன். என் மூஞ்சியப் பாத்தே கை குடுத்துட்ட. கைராசிக்காரிதான் நீ."

அத்தை அசடு வழிந்து சிரித்தாள். சிரித்ததை ஒப்புக்கொண்டதாக அப்பா எடுத்துக்கொண்டார். அன்று முதல் அத்தைக்குக் கைராசி என்று பெயர். இரண்டடி தள்ளி மெக்கானிக் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்து அக்கா தட்டினாள் என்பதை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்.

அடுத்த ஒத்திகைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அப்பா ஆள் அனுப்பினார். வேலை அதிகம் என்று பதில் வந்தது. "வானொலிக்காரன் வந்து பாத்ததும் தலைக்கனம் ஏறிடுச்சு," என்றார் அப்பா. பிறகு அந்தப் பெயரே வீட்டில் பேசப்படவில்லை.

ஆனால் அத்தையின் கடையில் இருந்த இயந்திரங்களைப் பார்க்க வேறு ஆள் இல்லை. மெக்கானிக் வந்துகொண்டுதான் இருந்தார். ஊசி, பெல்ட், எண்ணெய் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். வாய்க்குள் பாடுவதும் இல்லை. ஒரே ஒருமுறை, திருப்புளியைத் துடைத்துக்கொண்டே, "பாட்டுக்காரர் சாடை காட்டினா தட்டறதுக்கு அக்கா இருக்காங்க. எனக்கு யார் இருக்கா?" என்று இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னாராம். இல்லைங்க, அப்படி இல்லை என்று சொல்ல அத்தை வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் ஜன்னல் திரைக்குத் துணி கேட்டு உள்ளே வந்தாள். அத்தை துணியை எடுத்துக் காட்டப் போய்விட்டாள். அந்தப் பெண் எதுவும் வாங்கவில்லை என்பதை இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ கச்சேரிகள். குற்ற உணர்ச்சி இருந்தால் தூக்கம் வராது என்பார்கள். அத்தைக்கு வீட்டில் வரவில்லை, மண்டபத்தில் வந்தது. அதுவே அவளுக்கு இரண்டாவது வேதனை. ஒவ்வொரு முறையும் விழித்ததும் முதலில் மேடையில் வயலின் இருக்கும் பக்கத்தைப் பார்ப்பாள். அங்கே வேறு யாரோ இருப்பார்கள், இல்லையென்றால் வெறும் நாற்காலி இருக்கும். பிறகு தட்டுவாள்.

அப்பா ஓய்வு பெறப்போகிறார் என்றதும் பணிமனை நண்பர்கள் ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார்கள். பணிமனைக் கூடத்திலேயே, ஞாயிறு மாலை. பாடுவதை விடப் பேசுவதற்கு அப்பா அதிகம் தயாரானார். எங்கள் வீட்டு முன்னறையில், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவையும் என்னையும் கூட்டமாக வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தார். அத்தையும் அன்று வந்திருந்தாள்.

"என் வாழ்க்கையில ரெண்டு பேரைச் சொல்லணும். ஒருத்தன், நான் தூக்கிவிட்டும் தலைக்கனம் பிடிச்சு ஓடிப்போனவன். பேரைச் சொல்ல விரும்பலை, பழைய ஆளுங்களுக்குத் தெரியும். இன்னொருத்தங்க, நான் மேடையில தடுமாறினப்போ என் முகத்தைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டு..." அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்படி இருக்கு?"

"அழுகையை மேடைக்கு மிச்சம் வைங்க," என்றாள் அம்மா.

அத்தை மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். "அந்த முதல் ஆளை விட்டுடேன்டா," என்றாள்.

"ஏன் விடணும்? நாலு பேருக்குத் தெரியட்டும்."

மறுநாள் அத்தை மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினாள். தையல் விட்டு விட்டு விழுகிறது, உடனே வர வேண்டும் என்று. அவர் வந்து இயந்திரத்தைச் சாய்த்து, அடியில் சேர்ந்திருந்த பஞ்சைத் தூரிகையால் தள்ளினார். ஓட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே ஓடுது."

"ஓடும். உங்களை வர வைக்கத்தான் அப்படிச் சொன்னேன்."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"நூலகத்துல அன்னைக்கு நான் தட்டினேன்ல. தம்பி சொல்லித் தட்டலை."

"பழசு எதுக்குக்கா இப்போ? அவர் சாடை காட்டினார், நீங்க தட்டினீங்க. எந்த அக்காவும் செய்யறதுதான்."

"சாடை காட்டியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. நான் தூங்கிட்டு இருந்தேன்."

மெக்கானிக் அவளையே பார்த்தார். "தூங்கினீங்களா?"

"ம்."

"நான் வாசிக்கும்போதா?"

"அதுக்கு முன்னாடியே. அவன் பாட ஆரம்பிச்சதும்."

"அப்போ என் வாசிப்புல தூங்கலை. அந்த மட்டுக்கும் சந்தோஷம்," என்றார். சிரிப்பது போல் இருந்தது, சிரிக்கவில்லை. எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். "அடுத்த நாள் சொல்லியிருந்தீங்கன்னா நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்க்கா. அவரும் சிரிச்சிருப்பார். மாசா மாசம் இங்க வந்துட்டுத்தானே இருந்தேன்?"

"வெட்கமா இருந்துச்சு."

"தூங்கினதுக்கா?"

"தம்பி பாட்டுல தூங்கறேன்னு அவனுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப்போகுமேன்னு."

"அவர் மனசு விடக் கூடாதுன்னு என்னை வாசிப்பை விட வெச்சுட்டீங்க," என்றார் மெக்கானிக். "வயலினை எடுத்தே எவ்வளவு காலமாச்சு தெரியுமா? எடுத்தா அந்தக் கைதட்டல்தான் கேக்கும்."

மன்னிப்புக் கேட்கக்கூட முடியவில்லை என்றாள் அத்தை பிறகு என்னிடம். கேட்டால் அவர் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சுமையையும் அவர் தலையில் ஏற்றுவதா என்று விட்டுவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்," என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல், அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா முதலில் அதை நகைச்சுவை என்று நினைத்தார்.

"விளையாடாத. நீயாவது தூங்கறதாவது."

"அன்னைக்கு மட்டும் இல்லடா. வழக்கமாவே."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆலை கேன்டீன்ல பாடினேனே, மழை கொட்டுச்சே, அன்னைக்கு?"

"மழையா பெஞ்சுது?"

"பள்ளிக்கூட விழா?"

"அது நீலத் திரை. ஓரத்துல ரெண்டு வளையம் கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. அன்னைக்குப் பாதி வரைக்கும் முழிச்சிருந்தேன்."

"ஆஸ்பத்திரி விழாவுல நீ தலையாட்டிக் கேட்டதை நானே பாத்தேனே."

"தலை தானா ஆடினது."

அம்மாவால் அடக்க முடியவில்லை. "இடுப்புல குத்திக் குத்தி என் விரல்தான் தேஞ்சுது," என்றாள்.

"உனக்கும் தெரியுமா?"

"பக்கத்து நாற்காலிங்க. தெரியாமப் போகுமா?"

"ஏன் சொல்லலை?"

"அவங்க உங்க அக்கா. நடுவுல நான் யாரு?"

அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு கச்சேரியாக அவர் எடுத்து வைக்க, ஒவ்வொன்றுக்கும் அத்தையிடம் ஒரு திரைதான் இருந்தது. சிவப்பு வெல்வெட், கரை பிரிந்தது. பச்சைப் பருத்தி, துவைத்துத் துவைத்து வெளுத்தது. பாட்டு ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கேட்ட ஒரே ஆள் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தவள், வெறும் துணியைப் பார்த்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

கடைசியில், "அப்போ அவன்?" என்றார்.

"தலைக்கனம் எதுவும் இல்ல. நீ சொல்லித்தான் நான் தட்டினேன்னு நினைச்சுட்டான். அவன் வாசிப்பை நீ வெட்டிட்டேன்னு."

"நானா? வானொலிக்காரரை வர வெச்சதே நான்தானேக்கா." அப்பா எழுந்துவிட்டார். "பணிமனையில இருக்கற ஒவ்வொருத்தன்கிட்டயும் அவனைப் பத்தி நான் பேசாத பேச்சில்ல."

"அவனுக்கு ஒரு போன் போடேன்டா."

"நீ பண்ணின தப்புக்கு நான் போன் போடணுமா?" என்றார். ஆனாலும் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் அத்தையிடம் பேசவில்லை. அவள் கிளம்பும்போது வாசலில் நின்று, "வர்றானாம். அந்தக் கடைசிப் பாட்டு," என்று மட்டும் சொன்னார். ஞாயிறு வரை அவளைக் கூப்பிடவும் இல்லை. கை கொடுக்க வா என்று அவர் சொல்லாத முதல் கச்சேரி அது.

அத்தை வந்தாள். மூன்றாவது வரிசை நாற்காலியில் யாரோ பழக்கதோஷத்தில் ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளம்பும் முன் இரண்டு முறை முகத்தைக் கழுவியிருந்தாள். பணிமனைக் கூடத்தில் திரையே இல்லை, ஒரு சுவர்தான். வேறு வழியில்லாமல் பாட்டைக் கேட்டாள்.

முழுதாகக் கேட்டாள். நடுவில் ஒருமுறை என் பக்கம் சாய்ந்து, "இவ்வளவு நல்லாப் பாடுவானா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்த இடம் சுமார்தான்," என்றாள். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் தபலாவின் கடைசி அடிக்குச் சரியாகத் தட்டினாள். பணிமனை ஆட்கள் எல்லோரும் அவளைத் தெரிந்தவர்கள். அவள் கை எழும்பும் வரை காத்திருந்து தட்டுவது அவர்களுக்கு ஊறிப்போன பழக்கம்.

பேச வேண்டிய நேரம் வந்தபோது அப்பா, எழுதி வைத்த பேச்சு இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "என் நண்பர் ஒருத்தரைப் பத்தித் தப்பாப் பேசியிருக்கேன். இதோ உக்காந்திருக்கார்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசிப் பாட்டை ஆரம்பித்தார்.

மெக்கானிக் நரைத்திருந்தார். கையை அடிக்கடி வேட்டியில் துடைத்துக்கொண்டார். முதல் சரணம் முடிந்து அப்பா ஒதுங்கினார். வயலின் இறங்கத் தொடங்கியதும் அத்தை இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள். வயலின் இறங்கியது. நின்றது. அதே அமைதி.

பிறகு அது ஏறியது. எனக்குத் தெரிந்த வரை ஏறியது என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் விரல் வழுக்கி, கீச்சென்றது. இன்னோர் இடத்தில் எட்டவேண்டியதை எட்டாமல் கீழேயே சுற்றி வந்தது. விட்டுப்போன காலம் முழுவதும் அதில் கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து, மெதுவாக அதை மெலிய விட்டு, வில்லை எடுத்தார். அப்பா இரண்டாவது சரணத்தைப் பாடவில்லை. பாட்டை அங்கேயே முடிப்பது என்று போனிலேயே பேசி வைத்திருந்தார்களாம். தபலாவும் சும்மா இருந்தது. அத்தைக்கு இது தெரியாது.

மண்டபம் அசையவில்லை. நானும் தட்டவில்லை. எல்லோரும் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள். அத்தையோ இன்னும் வாசிப்பு பாக்கி இருக்கிறது, இந்த முறை முந்தக் கூடாது என்று கைகளின் மேல் உட்கார்ந்தே இருந்தாள். மெக்கானிக் வில்லைப் பிடித்தபடி மேடையில் காத்திருந்தார். அவர் முகம் வாடுவதை நான் பார்த்தேன். வாசிப்பு அவ்வளவு மோசமா என்று அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார்.

மெக்கானிக்குக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தார்.

"முடிஞ்சுதுக்கா," என்றார்.

கூடம் சிரித்தது. அத்தை கைகளை வெளியே எடுத்தாள். மரத்துப்போயிருந்தன. இரண்டு கட்டைகளைப் போல அவற்றை ஒன்றோடொன்று மோதினாள், சத்தமே வரவில்லை. அதற்குள் மண்டபம் தட்டத் தொடங்கியிருந்தது. அவள் இல்லாமலேயே தட்டியது. மேடையில் அப்பாவும் தட்டிக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கி மற்றவர்கள் எழுந்து நாற்காலிகளை மடிக்கத் தொடங்கிய பிறகும் அத்தை உட்கார்ந்து விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவையும் கெடுத்துட்டேன்," என்றாள் என்னிடம்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை. கையில் உணர்வு திரும்பியிருந்தது. மேடையில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, காலியாகிக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில், தனியாகத் தட்ட ஆரம்பித்தாள்.